சதுரம் ஏன் சாய்கிறது?

நான்கு தீக்குச்சிகளைச் சதுரமாக இணைத்து ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். இன்னும் அழுத்தினால் தட்டையாகப் படுத்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாக இணைத்து அதேபோல் அழுத்துங்கள். அசையாது. குச்சி முறிந்தாலும் முறியுமே தவிர, வடிவம் மாறாது. ஓட்டுக் கூரையின் சட்டங்களும் மின்கோபுரங்களும் நம்பியிருப்பது இந்த உறுதியைத்தான். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியும் இதையே நம்பியிருந்தது.

சூட்சுமம் இணைப்பில் இருக்கிறது. சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வ் டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகளை இரண்டு பக்கமும் செருக வேண்டும். இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து புனே டெல்கோ ஆலையில் வேலை பார்த்த அவர், 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து அறிவியல் கற்கும் திட்டம் ஒன்று அங்கே 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியிருந்தது. கிராமத்துச் சந்தையில் கிடைக்கும் மலிவான பொருள்களே அவருக்கு ஆய்வுக்கூடமாயின. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வால்வ் டியூபின் ரப்பர் வளையும். குச்சிகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் சதுரமும் விறைத்து நின்றிருக்கும். முக்கோணத்தின் தனிக்குணம் வெளியே தெரிந்திருக்காது. எந்தப் பொருளைக் கொடுத்தால் உண்மை தானாக வெளிப்படும் என்று யோசிப்பதில்தான் செயல்வழிக் கற்றலின் திறமை அடங்கியிருக்கிறது.

முக்கோணம் ஏன் அசையாது? ஒரு குச்சியைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் கிளம்பும் மற்ற இரண்டு குச்சிகளும் மேலே சந்திக்க வேண்டும். காம்பஸால் இரு முனைகளிலிருந்தும் வில் வரைந்து பார்த்தால், மேற்பக்கம் அவை வெட்டிக்கொள்வது ஒரே ஒரு புள்ளியில்தான். நகர்வதற்கு வேறு இடமே இல்லை. நான்கு குச்சிகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதே நான்கு நீளங்களை வைத்துக்கொண்டு எத்தனையோ வடிவங்கள் எடுக்கலாம்.

சாயும் சதுரம் இன்னொன்றையும் சொல்லித் தரும். அழுத்த அழுத்த உள்ளே இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. சுற்றியிருக்கும் குச்சிகளோ அதே நான்குதான். பரப்பளவும் சுற்றளவும் வேறு வேறு என்பதைச் சூத்திரம் எழுதாமலே ஒரு குழந்தை பார்த்துவிடுகிறது.

அடுத்து ஆசிரியர் கேட்கலாம்: "சாயாமல் நிறுத்த எத்தனை குச்சி கூடுதலாக வேண்டும்?" எதிர் மூலைகளுக்குக் குறுக்கே ஒன்று வைக்கலாம்; ஆனால் மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளம் என்பதால் தீக்குச்சி எட்டாது. ஈர்க்குச்சியை அளந்து வெட்ட வேண்டும். எட்டாத குச்சியே அங்கு ஒரு பாடம். சதுரத்துக்கு ஒன்று போதும். ஆடும் பெஞ்சின் கால்களுக்கிடையே ஆசாரி குறுக்காக அடிக்கும் சட்டம் இதுவே. ஒரே மூலையிலிருந்து விரித்துக் குச்சி வைத்தால் ஐங்கோணத்துக்கு இரண்டு, அறுகோணத்துக்கு மூன்று. பக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து மூன்றைக் கழித்தால் விடை வந்துவிடும். செய்தே பார்க்காத இருபது பக்க வடிவத்துக்கு 17 என்று ஒரு குழந்தை சொல்லும்போது, அது கைவேலையிலிருந்து கணிதத்துக்குள் வந்துவிட்டது.

அதே கேள்வியைக் கனசதுரத்துக்குக் கேட்டால் ஆச்சரியம் கூடும். 12 குச்சிகளில் கட்டிய கனசதுரம் நிற்கவே நிற்காது. 1864-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதற்கொரு கணக்குச் சொன்னார்: மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி, ஆறைக் கழிக்க வேண்டும். முப்பரிமாணச் சட்டகம் உறுதியாக நிற்பதற்குப் பொதுவாகக் குறைந்தது அத்தனை குச்சிகள் வேண்டும். எட்டு மூலைகளுக்கு 24. ஆறு போக 18. நம்மிடம் இருப்பது 12. குறைவது ஆறு. கனசதுரத்தின் முகங்களும் ஆறுதான்!

முகத்துக்கு ஒன்றாக ஆறு ஈர்க்குச்சிகளை, ஒன்றின் முனை அடுத்ததன் முனையைத் தொடும்படி வைத்து நூலால் கட்டிப் பாருங்கள். கனசதுரம் ஆடாமல் நின்றுவிடும். இப்போது அந்த ஆறை மட்டும் உற்றுப் பாருங்கள். நான்கு முக்கோணங்கள் சேர்ந்த ஒரு நான்முகி! மிச்சமுள்ள நான்கு மூலைகளையும் மும்மூன்று குச்சிகளால் அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. கரும்பலகையில் வரைந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும் இந்த வடிவம், கையில் வைத்துத் திருப்பினால் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

இந்தப் பாடத்தில் சரி, தவறு என்று திருத்துவது குச்சிகளே. ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடையை ஊகிக்க வேண்டிய அவசியம் குழந்தைக்கு இல்லை. ஆனால் கை ஓடினால் மட்டும் போதாது, அழுத்துவதற்கு முன்பே "எது சாயும்?" என்று கேட்டு, ஆளுக்கொரு பதில் சொல்ல வைக்க வேண்டும். சொன்னது பொய்க்கும்போது "ஏன்?" என்ற கேள்வி குழந்தைக்குச் சொந்தமாகிவிடுகிறது. முன்கூட்டியே எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, கடைசியில் "இப்போது செய்து பாருங்கள்" என்றால் அது கைவேலை வகுப்பாகவே நின்றுவிடும்.

தமிழகத்துக்கு இது புதிதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அட்டைகளும் பயிற்சி நூல்களும் இருக்கின்றன. தீப்பெட்டிக்கும் டியூபுக்கும் பெரிய செலவில்லை. விடை தெரிந்த ஆசிரியர் அதைச் சொல்லாமல் காத்திருக்கும் சில நிமிடங்கள்தான் அரிதாக இருக்கின்றன. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் முதலில் பறிபோவதும் அவையே. அந்த நிமிடங்களை ஆசிரியருக்கு விட்டுக்கொடுப்பது தலைமையாசிரியரும் கல்வித் துறையும் பெற்றோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.