ஷிப்ட் முடிந்த பிறகும் ரேஷன் கடை திறந்திருக்க வேண்டும்

படப்பை கடைவீதியில் இரவு பதினொரு மணிக்கு மேலும் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. ஒரகடத்தில் இரண்டாவது ஷிப்ட் முடித்தவர்கள் இறங்குகிறார்கள். பாதி ஷட்டர் இறக்கிய மளிகைக் கடை ஒன்றில் ஒடிசா இளைஞர் ஒருவர் இரண்டு கிலோ அரிசியும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் வாங்கினார். ஊரில் ரேஷன் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், அவர் பெயரும் அதில் உண்டாம். இங்கே வாங்கியதே இல்லை. "கடை திறந்திருக்கிற நேரம் நான் கம்பெனி லைன்ல நிப்பேன் அண்ணா."

அவருக்கு உரிமை இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2021 ஜூன் 29 அன்று எல்லா மாநிலங்களும் இதை நிறைவேற்ற வேண்டும் என்று கெடு வைத்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். தன் பங்கை அவர் இங்கே எடுக்கலாம், மீதியை அம்மா ஊரில் வாங்கிக்கொள்வார். சட்டத்தில் ஓட்டை இல்லை. கடை மூடும் நேரம்தான் தடை.

இதற்கு வழி அவருடைய மாநிலத்திலேயே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் புவனேஸ்வரில் 24 மணி நேரமும் இயங்கும் தானிய இயந்திரத்தைத் திறந்தார்கள். பெயர் 'அன்னபூர்த்தி'. விரல் ரேகை வைத்தால் போதும், ஐந்து நிமிடத்தில் 50 கிலோ வரை எடை பிசகாமல் கொட்டிவிடும். உருவாக்கியது ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம். ஒரு காலத்தில் நமக்குத் தானியம் கொண்டுவந்து தந்த அமைப்பு இன்று அரசின் ரேஷன் முறையைச் சீராக்கத் தொழில்நுட்ப உதவி செய்கிறது. 2022இல் அதே அமைப்பின் வழியாக ஆப்கானிஸ்தானுக்குக் கோதுமை அனுப்பும் நிலைக்கு இந்தியா வந்துவிட்டது. படப்பைக்கு ஓர் இயந்திரம் வைப்பதா பெரிய காரியம்?

பசி தீர்வதைப் போலவே சத்தும் முக்கியம். ரேஷன் அரிசியை ஊறவைக்கும்போது சில மணிகள் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று அதைப் பொறுக்கி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் வார்த்தது. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்திருக்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதைத் தீர்க்க வந்த மணியைத்தான் குப்பையில் போடுகிறோம். இதைக் கடைக்காரர் வாயால் சொல்ல வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது மழை. மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில்தான் சேர்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரம் பகுதியில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது, பக்கத்து வரதராஜபுரமும் முடிச்சூரும் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் அட்டையை வைத்தே போய்ச் சேர்ந்தது, இங்கே அட்டை இல்லாதவர்கள் மனு எழுதிக் காத்திருந்தார்கள். வாடகை அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு வெள்ளத்தன்று அடுப்பும் இல்லை, இருப்பும் இல்லை.

2025இல் மத்திய அரசு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாத ரேஷனை முன்கூட்டியே கொடுக்கச் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் கணக்கு. நம் வெள்ளம் நவம்பர், டிசம்பரில் வருகிறது. அந்த இரண்டு மாத அரிசியும் ஐப்பசி பிறக்கும் முன்பே இங்குள்ளவர்கள் கைக்கு வந்துவிட வேண்டும், வெளிமாநில அட்டைக்காரர்களையும் சேர்த்து.

உணவுத் துறை அதிகாரிகள் ஒரகடம் சாலையில் ஒரு தானிய இயந்திரத்துக்கு இடம் பார்க்கட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு மாடியில் ஒடிசாவோ பீகாரோ தொழிலாளி குடியிருந்தால், அவருடைய அட்டையில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் உதவி எண் 14445. கட்டணம் கிடையாது.