யானை விலையும் தீனிச் செலவும்

நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மண்டி நடத்திவரும் நாம் அடுப்பைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வெயிலுக்குப் பேர்போன விருதுநகரில் இருப்பவருக்குக் குளிர்காயும் அடுப்போடு என்ன தொடர்பு என்றும் கேட்கலாம். கடந்த குளிர்காலத்தில் வடக்கு இத்தாலியில், டூரின் நகருக்கு அருகே வசிக்கும் நமது மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். அங்கே ஓர் அடுப்பு வாங்கியதில் நமக்குக் கிடைத்த பாடம், கடை நடத்தும் எவருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

அவர்கள் வீடு 60 சதுர மீட்டர். நமது கணக்கில் சுமார் 650 சதுர அடி. இரவில் வெளியே தண்ணீர் உறையும் குளிர். 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை ஏறியதிலிருந்தே, பெல்லட் அடுப்புக்கு மாறிவிடலாம் என்பது மாப்பிள்ளையின் எண்ணம்.

பெல்லட் என்பது என்ன?

மாட்டுத் தீவனக் குச்சியை அனைவரும் பார்த்திருப்பீர்கள். அதே போன்றதுதான். மர அறுவை ஆலைகளில் கிடைக்கும் தூளை உலர்த்தி, இயந்திரத்தில் அழுத்திக் குச்சியாக்குகிறார்கள். பசை வேண்டியதில்லை, சூட்டில் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருளே இளகிப் பிடித்துக்கொள்கிறது. குச்சியின் தடிமன் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். வீடுகளுக்கு 15 கிலோ மூட்டையாக வருகிறது. அடுப்பின் மேலுள்ள தொட்டியில் கொட்டிவிட்டால், மோட்டாரில் சுழலும் திருகு வேண்டிய அளவு குச்சியைத் தீயில் தள்ளும். மின்விசிறி சூட்டை அறைக்குள் அனுப்பும். மின்சாரம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும் என்பதை மறக்கக் கூடாது.

விரலுக்குத் தகுந்த வீக்கம்

கடைக்காரர் முதலில் காட்டியது 12 கிலோவாட் அடுப்பு. "பெரியதாக இருந்தால் சீக்கிரம் சூடேறும்" என்றார். நமக்கும் அது சரியென்றே பட்டது. மாப்பிள்ளைதான், "மாமா, கொஞ்சம் பொறுங்கள்" என்று விசாரித்தார். ஓரளவு நல்ல சுவர், சன்னல் உள்ள வீட்டுக்குப் பத்துச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுவான கணக்கு. அந்த வீட்டுக்கு 6 கிலோவாட் போதும். அளவுக்கு மீறிய அடுப்பு எந்நேரமும் மந்தமாக எரியும். அல்லது அடிக்கடி அணைந்து அணைந்து பற்றும். கண்ணாடியில் கரி படியும், பற்றவைக்கும் கம்பி சீக்கிரம் தேயும். நாள் ஒன்றுக்கு இரண்டு மூட்டை விற்கும் கடையில் இருபது மூட்டையை இறக்கி வைப்பது போன்றதுதான் இது.

அந்நாட்டில் இத்தகைய அடுப்புகளுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திர மதிப்பீடு உண்டு. டூரின் அடங்கிய பியட்மாண்ட் உள்ளிட்ட வட மாநிலங்களில், காற்று மாசைக் குறைக்க, புதிதாகப் பொருத்தும் அடுப்பு குறைந்தது 4 நட்சத்திரம் பெற்றிருக்க வேண்டும். 6 கிலோவாட்டில் அத்தகைய அடுப்பையே வாங்கினோம்.

நாம் செய்த தவறு

அடுப்பைச் சரியாக வாங்கியாயிற்று. தீனியில் தவறியது நாமே. ஐரோப்பாவில் பெல்லட்டுக்கு 'ஈஎன் பிளஸ்' என்ற தரச் சான்று உண்டு. நம் அக்மார்க் போன்றது எனலாம். அதில் ஏ1, ஏ2, பி என்று மூன்று ரகம். ஏ1 ரகத்தில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும், ஈரம் 10 சதவீதத்துக்கும் மிகக் கூடாது. சந்தையில் முத்திரை இல்லாத சரக்கு மலிவாகக் கிடைத்தது. வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? "பத்து மூட்டை போடுங்கள்" என்று நாமே சொல்லிவிட்டோம்.

நான்காம் நாள் கண்ணாடி கறுத்துவிட்டது. தீக்கிண்ணத்தில் சாம்பல் உருகிக் கல்லாக இறுகியது. மூட்டையின் அடியில் கையை விட்டுப் பார்த்தால் ஒரே தூள்! மண்டியில் துவரம்பருப்பு மூட்டைக்கு அடியில் கைவிட்டுக் குருணை பார்க்காமல் ஒரு நாளும் சரக்கு எடுத்ததில்லை. அயலூரில் அதை மறந்துபோனோம். ஏ1 மூட்டை வாங்கிய பிறகு, ஒரு மூட்டைக்கு நூறு கிராம் அளவுக்கே சாம்பல் நின்றது.

அடுப்பு விலை ஒருமுறைதான். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு டன், அதாவது 67 மூட்டையாவது தேவை. யானை வாங்குவது பெரிதல்ல, தீனி போடுவதே பெரிது. 2022-இல் ரஷ்ய, பெலாருஸ் சரக்கு நின்றதும் பெல்லட் விலை இருமடங்குக்கு மேல் ஏறிற்று. அரசு 2023-இல் வரியை 22 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது. 2024 மார்ச்சில் பழையபடி 22. ஆகவே விவரமறிந்தவர்கள் குளிர்காலத்துக்கு முன்பே, கோடையில் வாங்கி அடுக்குகிறார்கள். சிமெண்ட் தரையில் வைக்காமல், மரப்பலகை மேல், ஈரம் படாமல் வைக்க வேண்டும். இதை நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

பொருத்த வந்த ஒருவர், "சுவரைத் துளைத்துப் புகைக்குழாயை வெளியே நீட்டினால் போதும், செலவு பாதியாகும்" என்றார். அந்நாட்டு விதிப்படி குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். நமது மகள், "அப்பா, குழந்தை தூங்குற வீடு இது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறையில் கரி அடுப்பு வைத்து உறங்கியவர்கள் எழவேயில்லை என்ற செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். சான்று பெற்ற வேறொருவரை வைத்துக் கூரைவரை குழாய் ஏற்றி, எச்சரிக்கை மணியும் மாட்டினோம். ஆண்டுக்கு ஒருமுறை குழாயைத் துடைக்கவும் ஏற்பாடாகியிருக்கிறது.

வியாபாரத்தில் விலையைப் பேரம் பேசலாம். ரகத்தையும் எடையையும் பேரம் பேசலாகாது. உயிர்க்காப்பை அறவே பேரம் பேசலாகாது. கடைக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கினாலும், மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கினாலும், விலைச்சீட்டைப் பார்க்குமுன் மூன்றைக் கேளுங்கள்: நமக்கு எந்த அளவு போதும்? ஆண்டுக்கு எவ்வளவு தீனி கேட்கும்? அதை முறையாகப் பொருத்துகிறவர் யார்? அறுபதைக் கடந்த பின் அயல்நாட்டில் பத்து மூட்டைத் தூளுக்குப் பணம் கொடுத்து நாம் கற்றது இது. உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கட்டும்.