கும்பகோணத்தின் பின்வாசலில் ஒரு ரவுண்டு!

அடுத்த மகாமகம் 2028-ல். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மாசி மகத்தன்று, ஒரே குளத்தில் முங்கி எழ லட்சக்கணக்கான ஜனம் கும்பகோணத்தில் வந்து குவியும். குளத்தையும் கோபுரத்தையும் எல்லோரும்தான் பார்ப்பார்கள். நாம் பின்வாசல் பக்கமாக ஒரு எட்டுப் போய் வருவோமா? இத்தனை கூட்டத்தில் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, நெரிசலோ வந்தால் ஊரைத் தாங்கிப் பிடிக்கப்போவது யார்? வாங்க, அசந்துபோவீர்கள்!

முதல் ஸ்டாப், தெருக்குழாய். ஹெல்த் இன்ஸ்பெக்டர் கையில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். அதுதான் குளோரோஸ்கோப். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, ஆர்த்தோடோலிடின் சில சொட்டு விடுவார். அட, தண்ணீர் மஞ்சளாகிறது! அந்த மஞ்சளைப் பெட்டியில் இருக்கும் வண்ணங்களோடு ஒப்பிட்டால், குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். கடைக்கோடிக் குழாயிலும் 0.2 பி.பி.எம். இருந்தாக வேண்டும். நிறமே மாறவில்லையா? தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போதவில்லை, இல்லையென்றால் வழியில் எங்கோ சாக்கடை கலக்கிறது. உடனே ஓட வேண்டியதுதான். 1,000 லிட்டருக்கு சுமார் 4 கிராம் பவுடர். போட்டு ஒரு மணி நேரம் விட வேண்டும். காலராவை வாசலிலேயே மறிக்கும் வேலை இவ்வளவு எளிமையானது!

இந்தக் குட்டிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய சட்டமே நிற்கிறது. 1939-லேயே மெட்ராஸ் மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. அதில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி அத்தியாயம் உண்டு! தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம், தனி அதிகாரிகள். ஆஸ்பத்திரி டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார். இவர்கள் ஊரையே பார்க்கிறார்கள். பல மாநிலங்களில் இப்படி ஓர் அமைப்பே கிடையாது.

அடுத்து, காய்ச்சல் கணக்கு. தாராசுரத்திலோ சுவாமிமலையிலோ ஒரே தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல் என்றால் அந்தச் செய்தி எப்படி மேலே போகிறது? ‘எஸ்’, ‘பி’, ‘எல்’ என்று மூன்று படிவங்கள். அறிகுறியைச் சுகாதாரச் செவிலியர் பதிகிறார், டாக்டர் தன் சந்தேகத்தைப் பதிகிறார், லேப் முடிவைப் பதிகிறது. 2004-ல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டம் இது. இப்போது எல்லாம் ஆன்லைன். கொரோனா காலத்தில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட முடிந்ததே, எப்படி? வீடுவீடாகப் போய்ப் பழகிய ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள், அதனால்தான்!

மூன்றாவது ஸ்டாப் மருந்துக் கிடங்கு. எனக்கு ரொம்பப் பிடித்த இடம்! 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரியே ஒரு பாஸ்புக் கொடுத்திருக்கிறது. வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு. கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கப் பற்று. எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. வந்திறங்கும் மருந்தின் மாதிரியை, கம்பெனி பெயரை மறைத்துவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். யாருடைய சரக்கு என்று லேபுக்கே தெரியாது. பிரமாதம் இல்லையா!

கடைசியாக, அவசரப் பிரிவு. தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைமை மருத்துவமனை இருப்பது கும்பகோணத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது. தமிழக அரசின் அவசர சிகிச்சைத் திட்டப்படி, வருகிறவர்களை உயிராபத்தை வைத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். யார் முதலில் வந்தார் என்பது கணக்கில்லை. யாருக்கு மூச்சு முட்டுகிறதோ அவருக்கே முதல் இடம். 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அங்கே பெயர் ‘பைலட்’! வண்டி வந்து சேருமுன்பே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போய்விடும். சாலை விபத்தா? ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், காப்பீடு உண்டா என்றெல்லாம் கேள்வியே இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது.

1992 மகாமக நெரிசலில் சுமார் 50 பேரையும், 2004 ஜூலை 16 பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளையும் பறிகொடுத்த ஊர் இது. அன்றைக்கு 108 கிடையாது. அது வந்தது 2008-ல்தான். அதனால்தான் இன்றைக்கு இந்த வண்டியையும் படிவத்தையும் பாஸ்புக்கையும் பார்க்கும்போது இத்தனை சந்தோஷம். ஆபத்து நாளில் நம்மைக் காப்பது சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஒழுங்காக நடக்கும் வேலைதான். ஓர் இன்ஸ்பெக்டர் பணியிடம் காலியாகக் கிடந்தால், அந்தத் தெருத் தண்ணீர் மஞ்சளாகிறதா என்று பார்க்க ஆளில்லை. ஆகவே, காலியிடங்களை 2028-க்கு முன்பே நிரப்பச் சொல்லிக் கேட்போம். நம் பங்குக்கு மூன்று காரியம்: குளத்தைச் சுற்றியுள்ள குறுகிய தெருக்களில் வண்டியை நிறுத்தி வழியை அடைக்காதீர்கள். தெருவில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றால் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒருவராவது சி.பி.ஆர். கற்றுக்கொள்ளுங்கள்!