ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கால்வாய்க் கரைக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஐந்து மணிக்கு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ரிச்சர்ட்ஸ் பார்க் பக்கம் போனால் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். தலையில் ஹெல்மெட், முன்னும் பின்னும் மினுக்கும் விளக்கு, முதுகுப் பையில் இரண்டு வாழைப்பழம். ஐ.டி. பிள்ளைகள், பல் டாக்டர், ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் என்று எல்லோரும் இருப்பார்கள். பேச்சு ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும், டயர் பஞ்சரானதும் தமிழுக்கு வந்துவிடும். கன்டோன்மென்ட் பழக்கம் அது. ஒரு காலத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு சைக்கிள் எடுத்து காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் என்று சுற்றிய பேட்டைதான் இது. இப்போது அந்த சைக்கிளுக்கு மோட்டார் பைக் விலை.

இவர்களில் பெரும்பாலோர் போவது நந்தி மலைக்கு. போக 55 கிலோமீட்டர் போல வரும். தேவனஹள்ளி தாண்டிக் கிளைச் சாலையில் திரும்பிவிட்டால் திராட்சைத் தோட்டமும் பாறைக் குன்றுமாக அருமையான வழி. அதுவரை பல்லாரி சாலை. விமானத்தைப் பிடிக்கப் பறக்கும் டாக்சிகள் அந்த நேரத்தில்தான் உச்ச வேகத்தில் போகும். சைக்கிள்காரர்களுக்காக ஊர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் கப்பன் பூங்காவில் 'சைக்கிள் தினம்' தொடங்கினார்கள். 2020-ல் வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் தூண் நட்டுத் தனிப்பாதை பிரித்தார்கள். தூண்கள் நீடிக்கவில்லை. நீடித்திருந்தாலும் அது ஆபீஸ் போகிற பாதை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கேட்பது வேறு: ஹாரன் சத்தமில்லாமல், பக்கத்தில் ஆறு ஓட, கிராமம் கிராமமாக நாள் முழுக்க மிதித்துப் போக ஒரு வழி.

இந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்த மனிதருக்கு அப்படி ஆறு ஓடும் ஒரு பக்கம் நன்றாகவே தெரியும். எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் கன்டோன்மென்டின் கலெக்டராக இருந்தவர். 1909-ல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1918-ல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியரை எழுதியவரும் அவர்தான். அன்றைய சேலம் மாவட்டம் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாவற்றையும் உள்ளடக்கியது. மைசூர் மேட்டு நிலம் சரிந்து, பாரமகால் என்று பழைய பெயர் கொண்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் இறங்கும் இடம் அது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நிலம் ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்கிறது. தென்பெண்ணையும் அதே சரிவில்தான் இறங்கி ஓடுகிறது.

ரிச்சர்ட்ஸ் காலத்தில் அந்தப் பக்கம் ஒரு குட்டி ரயில் ஓடியது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடி. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை போட்டு, 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்று போட்ட பாதை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் அதை மூடிவிட்டார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குட்டி ரயிலுக்கும் அதே கதிதான். 1960-களின் கடைசியில் சேலம்–பெங்களூர் ரயில் பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூருக்கு வந்தபோது, பழைய பாதையை நினைத்துப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று.

அமெரிக்காவில் இதே மாதிரி கைவிடப்பட்ட பாதைகளின் கதை வேறு விதமாக முடிந்தது. மிசூரி ஆற்றை ஒட்டி ஓடிய ஒரு ரயில் பாதை 1986-ல் நின்றது. இன்று அதன் மேல்தான் சுமார் 386 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேட்டி டிரெயில் என்ற சைக்கிள் பாதை போகிறது. காருக்கு அனுமதி கிடையாது. மேலே தார் இல்லை, பெரும்பகுதி நொறுக்கிய சுண்ணாம்புக்கல்தான். ரயிலுக்காக அமைத்த ஏற்றம் என்பதால் எழுபது வயதுக்காரரும் மூச்சு வாங்காமல் போகலாம். இதற்கெல்லாம் அடிப்படை 1983-ல் வந்த ஒரு சட்டத் திருத்தம். ரயில் நின்றாலும் பாதையின் நிலத்தைத் துண்டு போடாமல், பின்னால் என்றாவது ரயில் வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு, அதுவரை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விடலாம் என்றது அந்தச் சட்டம். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. இனி வந்தாலும் 1941-ல் பிடுங்கிய தண்டவாளத்துக்குப் பயன்படாது.

டான்யூப் கரையில் நடந்தது நமக்கு இன்னும் பக்கம். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து வியன்னா வரை போகும் புகழ்பெற்ற சைக்கிள் பாதையின் பல பகுதிகள், முன்பு குதிரைகள் படகைக் கயிறு கட்டி இழுத்துப் போன கரைகள். படகுக்காகப் போட்ட கரை; சைக்கிளுக்கென்று யாரும் வெட்டியதில்லை.

கரை என்றால் நமக்குப் பஞ்சமா? கிருஷ்ணகிரி அணை 1950-களின் கடைசியில் வந்தது. அதன் இடப்புறமும் வலப்புறமும் கால்வாய்கள் போகின்றன. மைசூர் ரயிலில் ஏறினால் மண்டியா, பாண்டவபுரம், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று காவிரிக் கால்வாய் நாடே விரிந்து கிடக்கிறது. கிருஷ்ணராஜசாகரிலிருந்து புறப்படும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய் முதலில் வைஸ்ராய் இர்வின் பெயரில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு மன்னர் சிக்கதேவராஜரின் பெயரில் இன்னொரு கால்வாய் இருக்கிறது. பெரிய கால்வாய் என்றால் மதகு பார்க்கவும் உடைப்பு அடைக்கவும் ஆள் போக ஒரு கரையில் வழி விட்டிருப்பார்கள். தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்றால் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவுதான் இருக்க முடியும். சைக்கிளுக்கு இதைவிடச் சமமான தரையை எந்த எஞ்சினியரும் போட்டுத் தர முடியாது.

ஆனால் இந்தக் கரைகளை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? 2018 நவம்பரில் பாண்டவபுரம் வட்டம் கனகனமரடி அருகே ஒரு தனியார் பஸ் விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் கவிழ்ந்தது. 30 பேர் செத்தார்கள், பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தடுப்புச் சுவர் இல்லையே என்று அன்றைக்கு எல்லோரும் கத்தினார்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் என் எண்ணம் வேறு: கால்வாய்க் கரையில் பஸ் போகவே கூடாது. கரையைத் தார் போட்டு அகலப்படுத்தி ஊருக்கு ஊர் குறுக்கு வழியாக்கியதில் தொடங்குகிறது வினை. தார் போட்டால் வேகம் வரும், வேகம் வந்தால் அடுத்து தடுப்புச் சுவர் கேட்போம், சுவர் கட்டினால் மாடு தண்ணீர் குடிக்க இறங்க முடியாது. மண்ணாகவே விட்டுவிட்டால் கார்க்காரனுக்கு அங்கே ஆசை வராது.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பக்கத்து ஆறு தென்பெண்ணைதானே, அங்கேயே போகலாமே என்று கேட்கலாம். போகலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு. நந்தி மலைப் பக்கம் பிறந்து ஹொஸ்கோட்டை வழியாக வரும் அந்த ஆற்றில்தான் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக பெங்களூரின் கழிவுநீர் போய்ச் சேர்கிறது. மழைக்காலத்தில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் ஷட்டரைத் திறந்தால் நுரை பொங்கும். நாம் குளித்த சோப்பை நாமே சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. கீழே கிருஷ்ணகிரி வரை அந்தத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிறவர்களுக்கு இது வேடிக்கை இல்லை.

அதனால் காவிரிப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சைக்கிளை ரயிலில் ஏற்ற வேண்டுமானால் பார்சல் ஆபீஸில் புக் செய்யலாம். கடைசி நிமிடத்தில் ஓடினால் நடக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். விட்ட நாட்களில் கரையோரம் காற்றே குளிர்ந்து வரும், வறண்ட நாட்களில் சேறு நாறும். உள்ளே இறங்கிக் குளிக்கிற யோசனையே வேண்டாம். மேலே அசைவு தெரியாவிட்டாலும் அடியில் இழுப்பு உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் தீவைச் சுற்றி வர ஒரு காலைப்பொழுது போதும். மெலிந்த டயர் போட்ட பந்தய சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இரண்டு விரல் அகல டயர் வேண்டும்.

பஞ்சரை மறக்கக் கூடாது. கரையில் வேலமரம் இருந்தால் முள் இருக்கும். டயரில் புள்ளியாகத் தெரிவதைப் பிடுங்கினதும் வேலை முடிந்தது என்று நினைத்தால் முனை உள்ளேயே தங்கிவிடும். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தால் சுருக்கென்று ஓர் இடத்தில் குத்தும், அதுதான் ஆள். குறடால் இழுத்தெடுத்துவிட்டு, ட்யூபில் காற்றடித்துக் கால்வாய்த் தண்ணீரில் முக்கினால் முத்து முத்தாகக் கொப்புளம் வரும் இடத்தில் ஒட்டு போடலாம். கிராமத்துப் பஞ்சர் கடைகளில் இப்போது பெரும்பாலும் பைக்குக்கும் டிராக்டருக்கும்தான் சாமான் இருக்கிறது. ட்யூபும் பம்பும் நாமே கொண்டுபோக வேண்டும்.

கரையின் இரண்டு முனையிலும் கல்தூண் நட்டு, சைக்கிளும் நடப்பவர்களும் மட்டும் என்று பலகை வைத்துவிட்டால் ஆயிற்று என்று ரிச்சர்ட்ஸ் டவுன் நண்பர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு சுலபமில்லை. மண்டியாவில் கரும்பு வெட்டு தொடங்கினால் வயலிலிருந்து ஆலைக்குப் போகிற லோடு கரை வழியாகத்தான் ஏறி வர வேண்டும். புல்லுக்கட்டோடு வருகிற பெண்களுக்கும் ஆட்டு மந்தைக்கும் அதுவே வழி. ஆகவே மூட வேண்டியது குறுக்கு வழி தேடி வருகிற காருக்கும் பஸ்ஸுக்கும்தான். மதகுகளுக்கு இடையே ஒரு தடுப்பு, அதன் சாவி நீர்ப்பாசனத் துறையிடமும் ஊர் விவசாயிகளிடமும். டிராக்டர் எதிரே வந்தால் இறங்கி, சைக்கிளைச் சரிவில் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டியவர்கள் பெங்களூரிலிருந்து போனவர்கள்தான்.