உழைப்பது நாம், பட்டா யார் பேரில்?



ஆம்பளைங்க திருப்பூர், கோயம்புத்தூர்னு வேலைக்குப் போய்விட்ட ஊர்களில் இன்று விவசாயம் பார்ப்பது யார்? நாம்தான். நடவு, களையெடுப்பு மட்டுமே நம் வேலை என்றிருந்த காலம் போச்சு. உரம் வாங்குவது, ஆள் விடுவது, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடுவது எல்லாம் நம் தலையில்தான். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 சாகுபடிப் பண்ணைகளில் சுமார் 14 மட்டுமே பெண்கள் நடத்துபவையாகப் பதிவாகியுள்ளன.

இதில் என்ன நஷ்டம்? பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் கேட்பாங்க. செத்துப்போன மாமனார் பேரிலேயே பட்டா கிடந்தால் நமக்கு அலைச்சல்தான் மிச்சம்.

சட்டம் நம் பக்கம் இருக்கு. தமிழ்நாட்டில் இந்துக் குடும்ப மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு 1989-லேயே வந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் இல்லை. 2005 மத்திய சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் போட்டுப் பாகம் பிரித்திருந்தால் அதை மாற்ற முடியாது.

நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்க. இறந்தவர் பேரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்க. குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் 4 முதல் 10 பேர் வரை கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து வங்கியில் கடன் கேட்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பட்டா நகலையும் கொண்டு வாங்க. சேர்ந்தே பார்ப்போம்.