ரிஜிஸ்டரில் 'டிக்' இருக்கிறது, ரத்தத்தில் சத்து இல்லை! பள்ளி மாணவிகளின் நீல மாத்திரை எங்கே போகிறது?

ரத்த சோகையைப் போக்குவதற்காகப் பள்ளிக்கூடங்களில் வாரந்தோறும் மாணவிகளுக்குக் கொடுக்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை அவர்கள் வயிற்றுக்குள் போகிறதா? அல்லது ஜன்னல் வழியாக வெளியே போகிறதா? இதைக் கண்காணிக்க ரிஜிஸ்டர் இருக்கிறது, கார்டு இருக்கிறது, மாதா மாதம் அறிக்கையும் போகிறது. இருந்தும் பெண் பிள்ளைகளின் ரத்த சோகை குறைந்தபாடில்லை.

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஊட்டியில் நடந்த பரிதாபம்

2023-ம் ஆண்டு மார்ச் மாதம். ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடம். யார் அதிக மாத்திரை தின்பது என்று பிள்ளைகள் சிலருக்குள் போட்டி வந்தது. சத்து மாத்திரைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்ற விளையாட்டுப் புத்தி. அள்ளி அள்ளி விழுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 13 வயது மாணவி ஒருத்தியின் நிலைமை மோசமானது. மேல் சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டு போகும் வழியிலேயே அவள் உயிர் பிரிந்தது. தலைமை ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள்.

வாரத்துக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுக்க வேண்டிய மாத்திரை, அள்ளித் தின்னும் அளவுக்குப் பிள்ளைகள் கைக்கு எப்படிப் போனது? இந்தக் கேள்வி ஊட்டியோடு முடிந்துவிடவில்லை.

சத்தே விஷமாகும்

ஒரு நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. வாரம் ஒன்று போட்டால் மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்பது டாக்டர்கள் கணக்கு. 40 கிலோ எடையுள்ள ஒரு சிறுமி 40 மாத்திரையை ஒரே நேரத்தில் விழுங்கினால் அந்த எல்லை வந்துவிடும். முதலில் வாந்தி, வயிற்று வலி. பிறகு கொஞ்சம் தேறியது போலத் தெரியும். வீட்டில் உள்ளவர்கள் ஏமாந்து போவது அங்கேதான். அதற்குப் பிறகு கல்லீரல் கெட்டுவிடும்.

திட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு இந்தத் திட்டத்தை 2012-ல் கொண்டு வந்தது. 10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை, வருஷத்துக்கு 52. முதலில் ஒரு மாத்திரையில் 100 மில்லிகிராம் இரும்பு இருந்தது. 2018-ல் 'ரத்த சோகை இல்லா பாரதம்' திட்டம் வந்தபோது அது 60 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டு, மேலே சர்க்கரைப் பூச்சும் கொடுக்கப்பட்டது. கூடவே 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உண்டு. குடல் புழுவுக்கு வருஷத்தில் 2 தடவை தனி மாத்திரை.

பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பு ஆசிரியர்கள் உண்டு. பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு, ஆசிரியரின் கண் முன்னாலேயே மாத்திரையை விழுங்க வேண்டும். பிள்ளைகளின் பயம் போவதற்காக ஆசிரியைகளும் அவர்களுக்கு எதிரிலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகுதான் 'டிக்'. மாதத்தில் 4 மாத்திரை விழுங்கியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு எழுதி, பள்ளியிலிருந்து வட்டாரத்துக்கும் வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்கும் அறிக்கை போக வேண்டும்.

காகிதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை வகுப்பில்தான் விழுகிறது.

"டீச்சர், வயித்தைப் புரட்டுது!"

எல்லாப் பள்ளியிலும் கேட்கிற புகார்தான் இது. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டத்தான் செய்யும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைகளும் உண்டு. அது இரும்பினால் வரும் நிறம், ஆபத்து ஒன்றுமில்லை. இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? மாத்திரை நாக்குக்கு அடியில் போகும். பிறகு சாக்கடைக்குப் போகும். ரிஜிஸ்டரில் மட்டும் 'டிக்' விழுந்துவிடும்.

கொடுத்த கணக்கு வேறு. விழுங்கிய கணக்கு வேறு. மேலே போகும் அறிக்கையில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

பீரோ பொய் சொல்லாது

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. 300 மாணவிகள் படிக்கும் பள்ளிக்கு 4 வாரத்துக்கு 1,200 மாத்திரை. அவ்வளவும் கொடுத்தாகிவிட்டது என்று ரிஜிஸ்டர் சொல்லும்போது பீரோவில் 400 மாத்திரை கிடந்தால், ரிஜிஸ்டர் பொய் என்று அர்த்தம். 400 மாத்திரை குறைந்தால் இன்னும் மோசம். யார் கையில் போனது என்று உடனே விசாரிக்க வேண்டும். மருந்தைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பும் அலட்சியமும், அளவுக்கு மேல் குழந்தை கைக்கு அனுப்பும் அலட்சியமும் இதே கணக்கில்தான் அகப்படும்.

அடுத்தது, தேதி சொல்லாமல் போய்ப் பிள்ளைகளையே கேட்பது. 'போன வாரம் மாத்திரை போட்டாயா? என்ன கலர்? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?' இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத வகுப்பில் எத்தனை 'டிக்' இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

ரத்தம் என்ன சொல்கிறது?

கடைசிச் சாட்சி ரத்தம். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்த சோகை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் ரத்த சோகை உள்ளவர்கள் 2015-16-ல் 54.1 சதவீதம். 2019-21-ல் அது 59.1 சதவீதம். திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஏறியிருக்கிறது!

அதற்காக மாத்திரையே வீண் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஆய்வில் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம்தான் பரிசோதிக்கப்பட்டது. 2016-18-ல் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து நடத்திய இன்னொரு தேசிய ஆய்வில், 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்குத்தான் ரத்த சோகை. வயதும் வேறு, முறையும் வேறு. அளக்கிற விதம் மாறினால் நம்பரும் மாறும். தவிர, புழுத் தொல்லை, பி12 சத்துக் குறைவு, பரம்பரை ரத்தக் கோளாறு இவற்றாலும் ரத்த சோகை வரும்.

ஆகவே திட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, வருஷம் கழித்து ஒரு தடவை, ஒரே முறையில் ரத்தம் பார்க்க வேண்டும். 'டிக்' நிஜமாக இருந்தால்தான் அந்தப் பரிசோதனைக்கும் அர்த்தம் உண்டு. விழுங்காத மாத்திரையை வைத்து மருந்து பலிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா?

பெற்றோர் கவனத்துக்கு

வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறதா? வாரம் ஒரு தடவை கேளுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். போட்டவுடன் டீ, காபி கூடாது. நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்தால் சத்து நன்றாக ஒட்டும். பள்ளியிலிருந்து மாத்திரை அட்டை வீட்டுக்கு வந்தால், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கியது தெரிந்தால், வாந்தி நின்றுவிட்டதே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அதிகாரிகள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். பள்ளிக்கூடத்து பீரோவைத் திறந்து மாத்திரையை எண்ண 10 நிமிஷம் போதும்!