இலை நிற்கும் செடிதான் மணக்கும்: ஆண்டிபட்டி மண்ணுக்கு எந்த ரோஜா?

ஆண்டிபட்டி வட்டாரத்தில் பூ விவசாயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மல்லிகைதான். ஆனால், கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கியதும் மல்லிகை வரத்து சரிந்துவிடும். அந்த மாதங்களிலும் தினமும் கூடையில் கொஞ்சமாவது பூ இருக்க வேண்டும் என்று நினைக்கும் விவசாயிகள், மல்லிகையோடு கால் ஏக்கரோ அரை ஏக்கரோ ரோஜா போட விரும்புகிறார்கள். இது நல்ல யோசனை. ஆனால், எந்த ரோஜா என்ற முடிவைப் பலரும் நாற்றுப் பண்ணையில் நின்றுகொண்டு, பூவின் நிறத்தை மட்டும் பார்த்து, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

தக்காளியில் ரகம் தவறினால் ஒரு பருவத்தோடு நட்டம் முடிந்துவிடும். ரோஜா அப்படியல்ல. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிலத்தில் நிற்கும் பயிர். தவறான செடியை நட்டவர் அத்தனை ஆண்டுகளும் மருந்துக் கடைக்கு நடக்க வேண்டியிருக்கும். எனவே, நடவுக்கு முன் செய்யும் தேர்வுதான் இந்தப் பயிரின் பாதி லாபம்.

வெயில் ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம்

நம் பகுதியில் ரோஜாவுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டு ஒரே நாளில் வெடித்து விரிந்துவிடும், பூ சிறுத்துப்போகும், மணமும் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது இலைகள் நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். அப்போதுதான் கரும்புள்ளி நோய் வருகிறது. இலை தொடர்ந்து சுமார் 7 மணி நேரம் நனைந்திருந்தாலே இந்தப் பூஞ்சாண வித்து முளைத்து உள்ளே நுழைந்துவிடும். முதலில் கருவட்டப் புள்ளிகள் தெரியும்; பிறகு இலை மஞ்சளாகி உதிரும்.

இலை கொட்டினால் திரும்பத் துளிர்க்கத்தானே போகிறது என்று நினைக்கக் கூடாது. பூவின் மணத்துக்குக் காரணமான எண்ணெய்ப் பொருள்கள் இதழில்தான் உருவாகின்றன. ஆனால், அதற்கான மூலப்பொருளை இலைதான் வெயிலில் சமைத்து அனுப்ப வேண்டும். இலை இழந்த செடி சேமிப்பில் இருப்பதைத் துளிருக்குச் செலவழிக்கும். அடுத்து வரும் பூ எண்ணிக்கையிலும் எடையிலும் குறையும். இலையில்லாத தண்டை வெயில் சுட்டு, நுனிக்கருகலும் தொடங்கும். ஆகவே, மணத்தையும் நோய் எதிர்ப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம். மழை முடிந்தும் இலையோடு நிற்கும் செடியை முதலில் தேடுங்கள். அவற்றுள் நன்றாக மணப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பன்னீர் ரோஜா ஏன் தாக்குப்பிடிக்கிறது?

தமிழகச் சமவெளிக்கு உதிரிப்பூவாக வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைப்பவை இரண்டு: எட்வர்டு ரோஜா, ஆந்திரச் சிவப்பு ரோஜா. நாம் பன்னீர் ரோஜா என்று சொல்லும் இளஞ்சிவப்புப் பூதான் எட்வர்டு ரோஜா. ஆந்திரச் சிவப்பு நிறத்தால் மாலைக்கு எடுப்பாக இருக்கும்; மணத்தில் பன்னீர் ரோஜாவுக்கு ஈடாகாது.

எட்வர்டு ரோஜாவின் பூர்வீகத்தைப் பார்த்தால் அதன் பலம் புரியும். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவில் (இன்றைய ரீயூனியன்) வேலிச் செடியாக நின்ற இரண்டு ரோஜாக்கள் தாமாகவே கலந்து உருவான குலம் இது. ஒரு பக்கம் சீன ரோஜா. மறுபக்கம் டமாஸ்க் ரோஜா. வெப்பத்தைத் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும் குணம் சீன ரோஜாவிலிருந்து வந்தது. மணம் டமாஸ்க் ரோஜாவிலிருந்து வந்தது. வெப்பத் தீவில் பிறந்த செடி என்பதால் நம் வெயில் அதற்குப் புதிதல்ல. வெட்டிய தண்டே எளிதில் வேர் பிடிப்பதால், இந்தியாவில் மற்ற ரோஜாக்களை ஒட்டுக் கட்டுவதற்கான வேர்ச்செடியாகவும் இது பயன்படுகிறது.

அதற்காக, இதற்கு நோயே வராது என்று பொருளில்லை. அடைமழையில் கரும்புள்ளியும், மார்கழி, தைப் பனியில் சாம்பல் நோயும் இதற்கும் வரும். ஆனால், வந்தாலும் மீண்டுவிடும் என்பதே இதன் சிறப்பு.

ஒரே பெயர், இரண்டு செடிகள்

இங்கே ஓர் எச்சரிக்கை. வட இந்தியாவில் கன்னோஜ், அலிகர் பகுதிகளில் பன்னீரும் அத்தரும் எடுக்கப் பயிரிடப்படும் டமாஸ்க் ரோஜாவையும் சிலர் பன்னீர் ரோஜா என்றே சொல்லி விற்கிறார்கள். அந்தச் செடிக்குக் குளிர்காலம் வேண்டும். சமவெளியில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில வாரங்கள் மட்டுமே பூத்து ஓய்ந்துவிடும். ஒரு கிலோ எண்ணெய் எடுக்கவே 3 முதல் 5 டன் வரை பூ தேவைப்படும். குளிர் இல்லாத ஆண்டிபட்டியில் அதை நட்டுத் தினசரிப் பூச்சந்தையை நம்பியிருப்பது சரிவராது. "எண்ணெய் ரோஜா, நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது நாற்றோடு வந்தால், ஆண்டில் எத்தனை மாதம் பூக்கும் என்று முதலில் கேளுங்கள். முடிந்தால், நம் சமவெளியில் ஓராண்டாவது வளர்ந்த வயலைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைப் பூவில் மணம் எங்கே போனது?

ஓசூர் பசுமைக்குடில்களில் விளையும் 'தாஜ்மஹால்' போன்ற கொய்மலர் ரோஜாக்கள் பார்ப்பதற்கு அழகு. ஆனால், அவை நீண்ட தண்டுக்காகவும், பல நாள் வாடாமல் இருப்பதற்காகவும், தொலைதூரப் பயணத்தைத் தாங்குவதற்காகவும் தேர்வு செய்யப்பட்டவை. அந்தத் தேர்வில் மணம் பின்னுக்குப் போய்விட்டது. 2015-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள், மணமுள்ள 'பாப்பா மெய்யான்' ரகத்தையும் மணம் குறைந்த 'ரூஜ் மெய்யான்' ரகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மணப்பொருள் உருவாக உதவும் ஒரு நொதி, மணமுள்ள ரோஜாவின் இதழில் மிகுதியாக வேலை செய்வதைக் கண்டறிந்தார்கள். மணத்தின் அடிப்படை பிறப்பிலேயே இருக்கிறது என்பதே இதில் நமக்குள்ள பாடம். உரமும் டானிக்கும் ஊற்றி, மணமில்லாத ரகத்துக்கு மணம் வரவழைக்க முடியாது.

மஞ்சள், ஆரஞ்சு நிற ரோஜாக்களைத் திறந்தவெளியில் நடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1900-ல் பிரான்சில் வெளிவந்த 'சோலே டோர்' ரகத்தின் வழியாக ஆழ்ந்த மஞ்சள் நிறம் இன்றைய ரோஜாக்களுக்குள் வந்தது. அந்த நிறத்தைக் கொடுத்த பாரசீக ரோஜா கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகக் கூடியது. நிறத்தோடு அந்தப் பலவீனமும் சேர்ந்தே வந்துவிட்டது.

மலை மேல் நடந்த தேடல்

பெரியகுளத்துக்கு மேலே தெரியும் பழனி மலைத் தொடரில், கொடைக்கானலில் குடியேறிய முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.எஸ். வீரராகவன், தம் மனைவி கிரிஜாவுடன் சேர்ந்து பல பத்தாண்டுகளாக இதே கேள்விக்குத்தான் விடை தேடினார். இன்றைய ரோஜாக்களில் பல, குளிர்நாடுகளின் தேவைக்காக உருவாக்கப்பட்டவை. வெப்பநாட்டுக்கு ரோஜா வேண்டுமானால், வெப்பநாட்டுக் காட்டு ரோஜாவைத்தான் பெற்றோராகக் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. வங்காளம், பீகார் பகுதிகளின் வெள்ளக்காட்டில் நின்று பிழைக்கும் 'ரோசா க்ளைனோபில்லா', மணிப்பூர் மலைகளின் 'ரோசா ஜைகான்டியா' ஆகிய நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு அவர் புதிய ரகங்களை உருவாக்கினார். அவை பெரும்பாலும் தோட்ட அழகுக்கானவை. கிலோ கணக்கில் பூச்சந்தைக்குப் போகிறவை அல்ல. ஆனாலும், பிறந்த இடத்தின் தட்பவெப்பத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடு என்ற அவர் வழி நமக்கும் பொருந்தும்.

தாய்ச்செடியை நீங்களே குறியுங்கள்

நல்ல நாற்றைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ மூன்று, நான்கு ஆண்டுகள் நிற்கும் பன்னீர் ரோஜாத் தோட்டம் இருந்தால், உரிமையாளரிடம் அனுமதி பெற்று இரண்டு முறை போய்ப் பாருங்கள்.

முதல் முறை, கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்ததும். அடிப்பகுதி வரை இலை நிற்கும் செடிகளில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். இரண்டாவது முறை, சித்திரை வெயிலில். அடையாளம் வைத்த செடிகளில் எவை அப்போதும் பூக்கின்றன என்று குறித்துக்கொண்டு, காலை 6 மணிக்கு ஒவ்வொன்றிலும் பாதி விரிந்த பூ ஒன்றைப் பறித்து முகர்ந்து பாருங்கள். எந்தச் செடியின் பூ என்று சொல்லாமல் வீட்டில் உள்ள மூன்று பேரிடம் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. இரண்டு தேர்விலும் தேறியவையே தாய்ச்செடிகள். அவற்றிலிருந்து பென்சில் கனமுள்ள, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமான முதிர்ந்த குச்சிகளை எடுத்து வேர்விடச் செய்யலாம். உழவர் குழுக்களோடு பணிபுரியும் விரிவாக்க அலுவலர்கள் ஊருக்குப் பத்துத் தாய்ச்செடிகளை இப்படி அடையாளம் கண்டு கொடுத்தாலே பெரிய உதவி.

நாற்றை விலைக்கு வாங்குவோர் செய்ய வேண்டியவை:

* நூறு நாற்றுக்கு இரண்டு, மூன்று பைகளையாவது கிழித்து வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்தத் தொகுப்பையே வாங்க வேண்டாம்.
* தண்டும் வேரும் சேரும் இடத்தில் கழலை போன்ற வீக்கம் இருந்தால் அது பாக்டீரியா நோய். அதைக் குணப்படுத்த முடியாது.
* தண்டில் செம்மண் நிறத் திட்டுகள் ஒட்டியிருந்தால் அவை செதில் பூச்சிகள். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும்.
* ஒட்டுச்செடி என்றால் ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளை வேர்ச்செடியுடையது. அதை அவ்வப்போது நீக்காவிட்டால், வாங்கிய ரகம் அழிந்து வேர்ச்செடிதான் மிஞ்சும்.

முதலில் தண்ணீர்ப் பரிசோதனை

ரோஜா உப்பைத் தாங்காத பயிர். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடத்தில் எந்த ரகத்தை வைத்தாலும் இலை ஓரம் கருகும். எனவே நாற்றுக்குப் பணம் கட்டும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். வடிகால் வசதியுள்ள செம்மண் மிகப் பொருத்தம். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளுத்துத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு.

நடவும் கவாத்தும்

45 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்து ஆறவிட்டு, 10 கிலோ மட்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நட வேண்டும். வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் இடைவெளி. ஏக்கருக்குச் சுமார் 2,000 செடிகள் வரும். இடம் வீணாகிறதே என்று நெருக்கி நடாதீர்கள். காற்றோட்டம் இருந்தால்தான் இலை சீக்கிரம் காயும். அதுதான் கரும்புள்ளிக்குச் செலவில்லாத மருந்து. வரிசையைக் காற்று வீசும் திசைக்கு இணையாக அமையுங்கள். சொட்டுநீரைக் காலையில் விடுங்கள். இலை மேல் தெளிப்பு நீர் வேண்டாம். புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள்; அடுத்த நோய்க்கான வித்து அவற்றில்தான் தங்கியிருக்கும்.

கவாத்துக்கான காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அடைமழை நாளில் வெட்ட வேண்டாம்; வெட்டுக்காயம் வழியாக நுனிக்கருகல் இறங்கும். மழை விட்ட நாளில் வெட்டி, வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சாணக் கொல்லிப் பசையைத் தடவுங்கள். கவாத்து முடிந்ததும் ஒருமுறையும், ஜூலையில் ஒருமுறையும் செடிக்கு 10 கிலோ தொழு உரத்தோடு தழை, மணி, சாம்பல் சத்து 6:12:12 கிராம் இட வேண்டும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். கடும் வெயில் காலத்தில் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

விடியும் முன் பறிப்பு

வெயில் ஏற ஏற இதழிலிருந்து மணம் வெளியேறிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் பறித்து, நிழலில் பரப்பி, காற்றுப் புகும் கூடையில் சந்தைக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் அமுக்கிக் கட்டினால் பூ புழுங்கி, போய்ச் சேருவதற்குள் நாற்றம் எடுத்துவிடும். பன்னீர் ரோஜா குல்கந்தாகவும் வாய்க்குள் போகிறது என்பதை மறக்க வேண்டாம். மருந்து அடித்த நாளைக் குறித்து வைத்து, மருந்து உறையில் சொன்ன நாள்கள் கழிந்த பிறகே பறியுங்கள்.

முதல் ஆண்டே ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். 50 செடிகளை நட்டு, ஒரு மழையும் ஒரு கோடையும் கடக்கட்டும். வேறு ரகம் சோதிக்க விரும்புவோர் பெங்களூரு ஹெசரகட்டா இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா' ரகங்களில் ஐந்தாறு செடிகளை அதே வரிசையில் நட்டு, பன்னீர் ரோஜாவோடு ஒப்பிடலாம். மண், நீர்ப் பரிசோதனைக்கும் ரக ஆலோசனைக்கும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தையோ, காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தையோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ அணுகலாம். ஐப்பசி மழையில் இலை உதிர்க்காமல் நின்று, சித்திரை வெயிலிலும் மணக்கும் பூ தந்த செடி எதுவோ, அடுத்த ஆண்டு அரை ஏக்கரில் நட வேண்டியது அதைத்தான்.